ஒட்டுக்குக் கீழே வந்த துளிர்

1. அக்கா இறந்த வருடம், மொட்டை மாடித் தொட்டியில் அவள் வைத்திருந்த சிவப்பு ரோஜாவும் காய்ந்தது.
2. அம்மா தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தவில்லை. அடியிலிருந்து ஒரு துளிர் வந்தது. “வந்துட்டாடி” என்றாள்.
3. அன்றிலிருந்து அக்கா படத்துக்குக் கடைப் பூ கிடையாது. அவள் செடி பூத்தால்தான் பூ.
4. இரண்டு வருடமாகச் செடி வளர்கிறது. பூக்கவில்லை.
5. போன மாதம், ஏன் என்று கேட்க இருவரும் ரோஜாத் தோட்டத்துக்குப் போனோம்.

பிரெஞ்சுக்காரர் காலத்துத் தோட்டம். அம்மா ஒரு சிவப்புப் பூவின் முன் குனிந்து நின்றுவிட்டாள்.

“யம்மா, கை வெக்காத. போர்டு போட்டிருக்குல்ல?” என்றார் தோட்டக்காரர்.

“பறிக்கலப்பா. சும்மா பேசினேன்.”

“பேசு, பேசு. அதுக்கு ஃபைன் இல்ல.”

அவர் ஒரு செடியின் அடியில் செழிப்பாக வளர்ந்த கிளைகளை வெட்டிக்கொண்டிருந்தார். உட்கார்ந்து பார்த்தேன். “எல்லாம் ஒட்டுக்குக் கீழ வந்தது” என்றார். காட்டு ரோஜாவின் வேரில்தான் நல்ல ரோஜாவை ஒட்டுக் கட்டுகிறார்கள். மேலே ஒட்டியது செத்தாலும் வேர் சாவதில்லை. தன் சொந்தத் துளிரை விடும். வெட்டிப் போட்டவற்றில் எங்கள் செடியின் அதே சின்ன இலை, அதே வெளிர்பச்சை. எங்கள் தொட்டியிலும் துளிர் மண்ணை ஒட்டித்தான் வந்தது. என்றைக்காவது அது பூக்கலாம். சிவப்பாகப் பூக்காது.

அப்படியானால் இரண்டு வருடமாகக் காலையில் தொட்டியின் முன் நின்று அம்மா யாரோடு பேசுகிறாள்? காற்றே இல்லாதபோது அங்கே அசைவது யார்?

“என்னவாம்?” என்று அம்மா வந்தாள்.

“வெயில் பத்தலையாம்.” எனக்கே என் குரல் சரியாகப் படவில்லை. “இங்கயே செவப்புல ஒரு செடி வாங்கிட்டுப் போலாமாம்மா?”

“அது யாரு வூட்டுப் பொண்ணோ. நமக்கெதுக்கு?”

ஆட்டோவில் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். பெரிய மார்க்கெட் வாசலில் கூடை கூடையாக ரோஜா. அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

போன ஞாயிறு துணி எடுக்க மாடிக்குப் போனேன். அந்தக் கிளை என் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டது. “விடுக்கா” என்றேன். சொன்ன பிறகுதான் சொன்னது எனக்குக் கேட்டது. கிளை உடனே விட்டுவிட்டது.

தொட்டியை வெயிலுக்கு நகர்த்தியிருக்கிறோம். கிளை கைப்பிடிச் சுவரைத் தாண்டிவிட்டது. பூ இல்லை. படத்துக்கும் பூ வைக்கவில்லை. அம்மாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை.