மேடைக்குச் சட்டி, ஜனத்துக்கு அண்டா

கரண்டின்னு சொன்னாத்தான் அவனை நாலு பேருக்குத் தெரியும். பெத்தவங்க வச்ச பேரு சம்பள நாள்ல மட்டும் வெளிய வரும். பேட்டரி கம்பெனி கேண்டீன்ல சமையக்காரன். கம்பெனியோட கழிவுக்குழாய் கடல்ல விழுற இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி அவன் அண்ணன் வலை போடுவான். தம்பி கம்பெனிக்குச் சோறாக்குவான், அண்ணன் கம்பெனிக் கழிவுல மீன் பிடிப்பான். ஒரே குடும்பத்துல ரெண்டு பேருக்குப் பொழப்புக் குடுத்த புண்ணியவான் கம்பெனி.

கேண்டீன்ல தொழிலாளிக்கு அண்ணன் மாதிரி ஆளுங்க பிடிச்ச மீனு. அதிகாரிங்க மேசைக்கு மட்டும் ஐஸ் பெட்டியில தூரத்துலேருந்து வரும். கரண்டிக்கு அதுல ரோஷம். "நம்ம கடல் மீனோட ருசி இதுங்களுக்கு எங்க தெரியப்போவுது? கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை"ன்னு பொண்டாட்டிகிட்டப் பொருமுவான். அண்ணன் குடுக்கிற மீனை மாசமா இருக்கிற மகளுக்குக் கொண்டுபோவான்.

அப்பத்தான் சேதி வந்துச்சு. யாரோ மீனை அறுத்துச் சோதிச்சாங்களாம். ஈயமும் பாதரசமும் இருக்காம், வயித்துப் பிள்ளையோட மூளையைக் கெடுக்குமாம். ஜனம் மீன் வாங்குறதை நிறுத்திருச்சு. கரண்டி மட்டும் அதை நம்பல. கம்பெனி என்ன பண்ணும்? குழாயை அடைக்குமா? பந்தல் போட்டுச்சு. மேடையில அதிகாரிங்க, கீழ ஜனங்க, எல்லாரும் ஒண்ணா உக்காந்து இந்தக் கடல் மீனைத் தின்னு காட்டணுமாம். கேமராக்காரங்களுக்கு முன்வரிசை.

காலையில மேனேஜர் அடுப்படிக்கு வந்து ஐஸ் பெட்டியைக் காட்டினார். "மேடைக்கு இது. சட்டியில தனியா பண்ணு. அண்டாவுல உள்ளது கீழ இருக்கறவங்களுக்கு. மாத்திடாதப்பா."

"ருசிக்காகவா சார்?"

"ருசியா? பேப்பர் படிக்க மாட்டியா நீ? எனக்கும் பிள்ளைகுட்டி இருக்குல்லய்யா."

மகளுக்குக் கொண்டுபோன மீனெல்லாம் கரண்டிக்கு ஞாபகம் வந்துச்சு. ஆனா வேலை வேணுமே. ரெண்டையும் சமைச்சான்.

மேடையில பெரிய அதிகாரி மைக்கைப் பிடிச்சு, "கடல் நமக்குத் தாயி"ன்னார். தாய் மடியில சாக்கடையைத் திருப்பிவிட்ட வாய் அது. அதே வாயில மீனையும் வச்சார். கேமரா மின்னுச்சு. கீழ பரிமாறிட்டு வந்த கரண்டி, மூணாம் வரிசையில மகளைப் பாத்தான். பெரியப்பன் பக்கத்துல உக்காந்திருக்கா, தட்டுல மீன் விழுந்தாச்சு, பிட்டு எடுத்தாச்சு. போய்த் தட்டைப் பிடுங்கிட்டான்.

"என்னப்பா இது, இத்தனை பேருக்கு நடுவுல?"

"வேணாம்மா."

"இத்தனை நாளா நீங்கதானே கொண்டாந்து குடுத்தீங்க? அதே மீனுதானே?"

அவன் தட்டைப் பின்னாடி மறைச்சுக்கிட்டான். மேனேஜர் சிரிச்ச முகத்தோடயே பல்லைக் கடிச்சுட்டு வந்தார். "என்னய்யா பண்றே? படம் எடுக்கறாங்க."

"மாசமா இருக்கா சார்." எல்லாருக்கும் கேக்கிற மாதிரியே சொன்னான். "இவளுக்கு உங்க சட்டியிலேருந்து போடுறேன். அது வேற கடல் மீனுதானே."

பந்தல்ல அத்தனை கையும் வாய்க்குப் பாதி வழியில நின்னுச்சு. மேடையில ஒருத்தர் மட்டும் மென்னுக்கிட்டே இருந்தார். அவர் தட்டுல நல்ல மீனு, ஏன் நிறுத்தணும்?

வேலை போச்சு, அதைச் சொல்லவும் வேணுமா. அண்ணன் மூஞ்சி குடுத்துப் பேசறதில்ல. "குழாய் அப்படியேதான் இருக்கு, என் வலையைத்தான்டா அறுத்தே"ன்னு சொல்லிட்டுப் போயிட்டான்.

மகளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனான். ரத்தம் எடுத்தாங்க. அந்த மீனு எப்பப்பல்லாம் சாப்பிட்டீங்கன்னு நர்ஸ் கேட்டாங்க. மகள் அப்பன் மூஞ்சியைப் பாத்தா.

"தினமும்"ன்னான் கரண்டி.

நர்ஸ் நிமிர்ந்துகூடப் பாக்கல. வெளிய பெஞ்சு பூரா அந்தக் கடலோரத்துப் பொம்பளைங்கதான் உக்காந்திருந்தாங்க.