டாக்டர் சொன்ன வேஸ்ட்

இரண்டாயிரத்து ஆறாம் வருஷம் என்று நினைக்கிறேன். அப்போது திருப்பூர் நல்லூரில் குடியிருந்தோம். எங்கள் நாய்க்கு முதுகெல்லாம் முடி கொட்டி, நாளுக்கு நாள் மெலிந்துகொண்டே போனது. ஆட்டோ வைத்து மாட்டாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன்.

அங்கே புதிதாக வந்திருந்த டாக்டர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், சின்ன வயசு. ஊசி போட்டுவிட்டு, "இனிமே இதுக்கு வேஸ்ட் எல்லாம் போடாதீங்கம்மா. அதான் ஒத்துக்கிட மாட்டேங்கு. எழுதித் தரட்டுமா?" என்றார்.

நான் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன் என்பதை அவரிடம் சொல்வானேன்? "இந்த ஒரு பேச்சுக்குச் சீட்டு எதுக்குங்க? எல்லாம் புரிஞ்சுதுங்க" என்று மிடுக்காக வந்துவிட்டேன்.

திருப்பூரில் வேஸ்ட் என்றால் என்ன? பனியன் கம்பெனியில் வெட்டிக் கழிக்கிற துண்டுத் துணிதானே! மருமகள் கொண்டுவந்த அதைத்தான் நாய்க்கு மெத்தை போலப் போட்டிருந்தேன். சாயம் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று, அன்றைக்கே வாரி வெளியே கொட்டினேன். நாய் வெறும் சிமெண்டுத் தரையில் சுருண்டுகொண்டு என்னையே பார்த்தது. பாவமாக இருந்தது. சோற்றில் ஒரு கரண்டி குழம்பு கூடுதலாகவே ஊற்றினேன்.

பத்தே நாளில் அதனால் எழுந்து நிற்க முடியவில்லை. நானும் மருமகளும் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

"வேஸ்ட் போடுறத நிறுத்தலையாம்மா?"

"அன்னைக்கே நிறுத்திட்டனுங்க சாமி. வெறுந்தரையிலதானுங்க கெடக்குது."

"தரையிலயா? சாப்பாடு என்ன குடுக்கீங்க?"

"ஊட்ல மிச்சமான சோறுங் கொழம்புந்தானுங்க. வெங்காயம் நெறைய வதக்கி, மணக்க மணக்க வெக்கறனுங்க."

டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். "அதைத்தாம்மா நான் வேஸ்ட்டுன்னேன்!"

எனக்குச் சுருக்கென்றது. என் குழம்பை அதுவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை. மருமகள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

உப்பு, மிளகாய், வெங்காயம் எதுவும் ஆகாதாம். கோழிக் கடையில் மலிவாகக் கிடைக்கும் ஈரலை வேகவைத்து, கொஞ்சம் பூசணியோ கேரட்டோ சேர்த்து, குழைந்த சோற்றில் பிசைந்து, ஆறவைத்துப் போட வேண்டுமாம். மூன்று தடவை கேட்டு, அவர் முன்னாலேயே ஒப்பித்துக் காட்டினேன். உப்பில்லாமல் ஆக்க என் கை கூசத்தான் செய்தது. நாயோ தட்டை நக்கி நக்கி, வாசல்வரை தள்ளிக்கொண்டே போனது. இரண்டு மாதத்தில் முடி முளைத்துப் பளபளத்தது.

என் வீம்புக்கு ஒரு வாயில்லா ஜீவன் பத்து நாள் வெறுந்தரையில் கிடந்ததே என்று நினைத்தால், "வெளங்கலீங்க, இன்னொருக்காச் சொல்லுங்க" என்று யாரிடம் கேட்கவும் இப்போது எனக்குக் கௌரவக் குறைச்சலாகத் தெரிவதில்லை.