பின்சீட்டில் இரண்டு மூட்டை

தென்காசியில், குற்றாலம் போகிற சாலையில், எனக்கு ஒரு கார் பட்டறை இருந்தது. ஐம்பதுகளின் நடுவில் ஆரம்பித்தது. வேலை தெரியும்; வாய் அதைவிடக் கூடுதல். காரைக் கொண்டுவருகிறவர் ஒரு வார்த்தை அதிகமாகப் பேசிவிட்டால், "அப்ப நீரே பாத்துக்கிடும்" என்று ஸ்பானரை அவர் கையிலேயே கொடுத்துவிடுவேன். அந்த வாயால் ஒரு மனிதருக்கு இரண்டு கால்களும் போயின. அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் பக்கத்தில் பின்சீட்டு காலியாக எந்தக் காரும் ஓடாது. குற்றாலத்தில் சாரல் விழ ஆரம்பித்துவிட்டால் அருவிக் குளியலுக்குப் போக ஒரு வண்டிக்கு எட்டுப் பேர், மடியில் பிள்ளைகள், காலடியில் எண்ணெய்ச் செம்பும் சோற்றுத் தூக்கும். சாரல் இல்லாத மாதங்களில் கடையத்தில் கல்யாணம், செங்கோட்டையில் சடங்கு. அதனால் பின்சக்கரத்தைச் சரிபார்க்க வேண்டுமென்றால் முதல் வேலையாக இரண்டு அரிசி மூட்டைகளைத் தூக்கிப் பின்சீட்டில் வைப்போம். வண்டி எப்போதும் ஓடுகிற உயரத்துக்குத் தாழ்ந்து உட்காரும். அப்புறம்தான் கொத்தனாரின் தூக்குக்குண்டைச் சக்கரத்தின் பக்கத்தில் தொங்கவிட்டு, நூலுக்கும் சக்கரத்துக்கும் மேலே எவ்வளவு இடைவெளி, கீழே எவ்வளவு என்று பார்ப்பது. ஊரில் எல்லாப் பட்டறையிலும் இதுதான் வழக்கம். ஏன் என்று எவனும் கேட்டதில்லை, நானும்தான்.

மூட்டைகள் வந்தது ஒரு ரைஸ் மில்லிலிருந்து. அறுபதுகளின் தொடக்கத்தில் அந்த மில்லின் முதலாளி சின்னதாக ஒரு இரண்டு கதவுக் கார் வாங்கினார். முப்பது வயதுதான் இருக்கும் அவருக்கு. என்னை அண்ணாச்சி என்பார்; நான் தம்பி என்பேன். வீட்டுக்கும் அதே கார்தான். வருஷத்துக்கு ஒரு தடவை சென்னைப் பக்கம் ஒரு பழைய விமான ஓடுதளத்தில் நடக்கிற பந்தயத்துக்கும் அதே கார்தான். இரண்டு தடவை ஓட்டிப் பார்த்து, கடைசிக்கு ஒன்று முந்தி வந்திருந்தார். மூன்றாம் தடவை ஜெயித்துக் காட்டுவதாகப் பெண்டாட்டியிடம் சொல்லியிருந்தார்.

மற்றக் கார்களில் பின்சக்கரம் இரண்டும் ஒரே தண்டில் இருக்கும். இந்தக் காரில் ஒவ்வொன்றும் தனியாகத் தொங்கும்; மேலே குறுக்காக ஒரே ஒரு பட்டை ஸ்பிரிங். பாரம் ஏறினால் சக்கரத்தின் தலை உள்ளே சாயும். பாரம் குறைந்தால் வண்டி எழும்பும், சக்கரத்தின் அடிப்பக்கம் உள்ளே மடங்கும். இவ்வளவும் எனக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தேன் என்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேல் காறித் துப்பத் தோன்றுகிறது.

பந்தயத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது கையில் ஒரு சின்னப் புத்தகத்தோடு வந்தார்.

"அண்ணாச்சி, பின்சக்கரத்துக்கு ஊருக்கு ஒரு அளவு, பந்தயத்துக்கு ஒரு அளவுன்னு வச்சிருவமா? டிரைவர் மட்டும் உக்காந்திருக்கும்போது அளக்கணும்னு இதுல போட்டிருக்கான்."

"இத எழுதினவன் தென்காசியில கார் ஓட்டிருக்கானா?"

"இல்ல அண்ணாச்சி, அங்கன நான் ஒத்தையிலதான..."

"ஒரு வண்டிக்கு எதுக்குத் தம்பி ரெண்டு குணம்? புஸ்தகத்த நம்புதியளா, என்னய நம்புதியளா?"

அவர் சிரித்துக்கொண்டே புத்தகத்தை மூடிச் சட்டைப்பையில் வைத்தார். "உங்களத்தான். வேற யார நம்புவேன்?"

இரண்டு நாள் அந்த வண்டியின் அடியிலேயே கிடந்தேன். மூட்டைகளை ஏற்றி, ஸ்பிரிங்குக்கு அடியில் தகடு வைத்தும் எடுத்தும், சக்கரத்தின் தலை அரை விரல் உள்ளே சாய்ந்து நிற்கும்படி கொண்டுவந்தேன். பிறகு வண்டியின் நீளத்துக்கு நூல் கட்டி, சக்கரத்தின் முன்பக்கம் பின்பக்கத்தைவிட ஒரு பழைய அணாக் காசின் கனம் உள்ளே இருக்கும்படி வாஷர் போட்டு முறுக்கினேன். வளைவில் பின்புறம் அலையாமல் இருக்க அது வேண்டும். அளவில் ஒரு மயிரிழை பிசகில்லை. மூட்டைகளோடு பார்த்தால் அதைவிட நல்ல அளவு கிடையாது.

ஓட்டிப் பார்க்க மேலகரம் வழியாகக் குற்றாலத்துக்குப் போனோம். முன்னால் நாங்கள் இரண்டு பேர், பின்னால் அவருடைய மனைவியும் மனைவியின் தங்கைகள் இரண்டு பேரும். ஒரு வளைவிலும் வண்டி முரண்டவில்லை.

"அண்ணாச்சி, இவுக ஓட்டி நான் கண்ணத் தொறந்துக்கிட்டு வாரது இன்னைக்குத்தான்" என்றார் அந்த அம்மா. எனக்குத் தலைகால் புரியவில்லை. இப்படிப்பட்ட கை இந்த ஜில்லாவிலேயே கிடையாது என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

சென்னைக்கும் அதே மாதிரி ஆட்களோடுதான் போனார். வழியெல்லாம் வண்டி தங்கமாக ஓடியதாம். பந்தயத்தன்று காலையில் பெண்கள் இறங்கிக்கொண்டார்கள். அவர் மட்டும் ஏறினார்.

மறுநாள் மில்லுக்குத் தந்தி வந்தது. வளைவில் கார் உருண்டுவிட்டது, உயிர் இருக்கிறது, முதுகெலும்பு போய்விட்டது. மில் கணக்குப்பிள்ளை வந்து சொன்னபோது நான் வேறொரு காருக்கு மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தேன். ரொம்ப வேகமாகப் போயிருப்பார் என்றுதான் அப்போது நினைத்தேன்.

நொறுங்கிய காரை மில் லாரியில் கொண்டுவந்து பட்டறையில் இறக்கினார்கள். வலது பக்கம் அப்பளம். இடது பின்சக்கரம் மட்டும் ஒரு கீறலும் இல்லாமல் நின்றது. எல்லோரும் போன பிறகு, என்ன தோன்றியதோ, தூக்குக்குண்டை எடுத்து அதன் பக்கத்தில் தொங்கவிட்டேன். பின்சீட்டு காலியாக இருக்கும்போது நான் அளந்தது அன்றைக்குத்தான் முதல் தடவை. சக்கரத்தின் அடி இரண்டு விரல் உள்ளே மடங்கியிருந்தது. வேகமாகத் திரும்பும்போது பின்புறம் கொஞ்சம் எழும்பினாலே போதும், வளைவின் வெளிப்பக்கத்துச் சக்கரம் அடியில் மடிந்து வண்டியைத் தூக்கிப் போட்டுவிடும். நான் தரையில் உட்கார்ந்து அழுதேன்.

நாலு மாதம் கழித்து அவரை ஊருக்குத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி ஒன்றும் இல்லை. பார்க்கப் போனவர்களிடமெல்லாம் அவர் ஒரே கதையைச் சொன்னார். "வளைவுல பயந்துபோயி ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுத்துட்டேன். அங்கன காலை எடுக்கப்பிடாது. தப்பு எம்மேலதான்." காலை எடுத்தது நிஜம். பின்புறம் எழும்பியதும் அதனால்தான். ஆனால் எழும்பினாலும் மடங்காமல் வைத்திருக்க வேண்டியது என் வேலை.

நானும் பார்த்துவிட்டுக் கிளம்பியபோது வாசல் வரைக்கும் அவர் மனைவி வந்தார்.

"அண்ணாச்சி, வண்டியில கோளாறு எதுவும் இருந்துச்சா? நீங்க சொன்னா நம்புதேன்."

"ஒண்ணுமில்ல தாயி" என்றேன்.

நாளைக்குச் சொல்லலாம், அவர் கொஞ்சம் தேறட்டும், சாரல் கழியட்டும் என்று தள்ளிப்போட்டேன். அப்படியே மூன்று வருஷம் ஓடிவிட்டது. அந்த மூன்று வருஷமும் அவர், அசையாத அந்தக் காலைத் தட்டித் தட்டி, "இந்த நாயிதான் கெடுத்துச்சு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

நாலாம் வருஷம் சாரல் நன்றாக விழுந்தது. அருவித் தண்ணீர் முதுகில் விழுந்தால் நல்லது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். என் பட்டறையிலேயே நொறுங்கிக் கிடந்த அந்தப் பழைய காரைச் சரிபண்ணித் தரச் சொன்னார் அவர் மனைவி. காசு வேண்டாம் என்று சொல்லிச் செய்தேன். நானே ஓட்டிக்கொண்டு வருவதாகவும் சொன்னேன். புறப்படுகிற அன்றைக்கு அவர் வீட்டு முற்றத்தில் வைத்துக் கடைசியாக ஒரு தடவை அளந்துவிடலாம் என்று மில்லிலிருந்து மூட்டைகளைக் கொண்டுவரச் சொன்னேன்.

"மூட்டை எதுக்கு அண்ணாச்சி?" என்றார் அவர். "நான்தான் இருக்கனே. தூக்கி வைங்க."

நானும் மில் ஆள் ஒருவருமாக அவரைத் தூக்கிப் பின்சீட்டில் வைத்தோம். வண்டி தாழ்ந்தது. நூலைத் தொங்கவிட்டேன். ஒரு ஆள் பாரத்துக்கே சக்கரத்தின் தலை உள்ளே சாய்ந்திருந்தது.

"சரியா இருக்கா?"

"சரியா இருக்கு தம்பி."

அவர் கண்ணாடி வழியாக நூலைப் பார்த்தார். "பின்னால ஆளே இல்லாம அளந்தா எம்புட்டு இருக்கும்? அளந்து பாத்தியளா?"

பொய் சொல்ல வாய் எடுத்தேன். வரவில்லை.

"பாத்தேன். ரெண்டு விரல் மடங்கும்."

"எப்பப் பாத்திய?"

"வண்டி வந்த அன்னைக்கே."

அவர் தன் கால்களைக் குனிந்து பார்த்தார். தொடையில் கையை வைத்து, தட்டாமல், வெறுமனே தடவினார். என்னை வைதிருந்தால் தாங்கியிருப்பேன்.

எண்ணெய்ச் செம்போடு படியில் நின்றிருந்த அவர் மனைவி, "அன்னைக்கு நான் கேட்டேன்லா?" என்றார். அண்ணாச்சி என்று சேர்க்கவில்லை. அதற்குப் பிறகு எப்போதுமே சேர்த்ததில்லை.

ஆனாலும் போகாமல் இருக்க முடியாது, வேறு டிரைவரும் இல்லை. செம்பை மடியில் வைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் அந்த அம்மா உட்கார்ந்தார். நான் ஓட்டினேன். மேலகரம் தாண்டினோம். பின்சீட்டில் ஆள் இருந்ததால் வண்டி ஒரு பக்கமும் இழுக்காமல், நான் வைத்த அளவுக்கு நேராகப் போனது.