செம்புப் பானைக்குப் போட்ட மாலை

வல்லம் வடகால் பக்கத்தில் ஒரு மது ஆலையில், லேபிள் ஒட்டும் லைனுக்கு நான் சூப்பர்வைசர். கோணலாக ஒட்டிய லேபிளைக் கண்டுபிடிப்பது தொழில். சட்டைப் பொத்தானைக் கோணலாகப் போட்டுக்கொண்டு வேலைக்கு வருவது இயல்பு. இந்த ஊர்ச் செடிகளின் வாசனையில் ஒரு ஜின் செய்து பார்க்கலாம், யார் செய்கிறீர்கள் என்று மேனேஜர் கூட்டத்தில் கேட்டபோது, பாதித் தூக்கத்தில் கையைத் தூக்கிவிட்டேன்.

ஜூனிப்பர் காயோடு வாசனைப் பொருள்களைப் போட்டு வடிக்கும் சாராயம்தான் ஜின். சின்னதாக ஒரு செம்புப் பானையும் தனி அறையும் கொடுத்தார்கள். தலைமை அலுவலகத்திலிருந்து ருசி பார்க்க வருபவருக்குப் பிடித்தால் அந்த அறை எனக்கு. இல்லாவிட்டால் மறுபடி லேபிள்.

அந்த அறையில் நான் நடக்கவில்லை, மிதந்தேன். செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில் பிடுங்கிய கோரைக்கிழங்கு முறத்தில் காயும். மாலையில் வைத்துக் கட்டும் தவனமும் மருவும் வெட்டிவேரும் குறுக்கே கட்டிய கொடியில் தொங்கும். ஜன்னலுக்கு வெளியே கன்டெய்னர் லாரிகள், தண்ணீருக்கு அடியில் போவது மாதிரி, சத்தமே இல்லாமல் போய்க்கொண்டிருக்கும்.

ஆயுத பூஜை வந்தது. மறுநாள் மதியம் ருசி பார்ப்பவர் வருகிறார்; அவருக்கான ஜின்னை அன்று சாயங்காலம் வடிப்பதாக இருந்தேன். டீ குடித்துவிட்டு வந்தால் கொடி காலி. பானைக்குச் சந்தனம், குங்குமம், கழுத்தில் கை தடிமனில் ஒரு மாலை. என் தவனம், என் மரு, என் வெட்டிவேர்! லட்சணம் இல்லாத கோரைக்கிழங்கை மட்டும் எனக்கு விட்டுவைத்திருந்தார்கள்.

“உள்ள கற்பூரம் கொளுத்தக் கூடாதுன்ட்டாங்க. வாசனையாவது இருக்கட்டும்னு நான்தான் கட்னேன்,” என்றார் பேக்கிங் அக்கா. “நல்லா கீதா சார்?”

“நல்லாத்தான் கீதுக்கா. அதான் அழுகையா வருது.”

பூஜை போட்ட பானையை அன்றைக்குத் தொடக் கூடாது. பூக்கடையிலும் அன்று தவனத்தில் ஒரு தண்டு மிஞ்சாது. மறுநாள் காலையில் மாலையைக் கழற்றி, நாரை உருவ ஆரம்பித்தேன். அக்கா பார்த்துவிட்டார்.

“இன்னா சார் இது? பூஜ மாலைய சாராயத்துல போடுவியா?”

“வேற இல்லக்கா. மதியம் ஆள் வந்துடுவாரு.”

பானையைத் திரும்பிப் பார்த்தார். “பானைக்குத்தான போட்டோம்? அது மாலைய அதுவே துன்னுட்டு போவட்டும். போடு.”

குழாய் நுனியில் சொட்டு விழ விழ, வாசனையில் அறைக்குள் ஏரி மேல் மழை பெய்தது. அப்புறம் ஈரப் பூ. அப்புறம் சந்தனம்.

வந்தவர் ஒரு வாய் குடித்துவிட்டு வெகுநேரம் கண்ணைத் திறக்கவில்லை.

“பிரமாதம்,” என்றார். “ஆனா கிளாஸக் கீழ வெச்சுட்டு கன்னத்துல போட்டுக்கத் தோணுது. இத எந்த பார்ல சார் விக்கிறது?”

மேனேஜர் என் அறையைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டார். நாளையிலிருந்து லேபிள்.

சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில், பக்கத்து சீட்டுக்காரர் தூக்கத்தில் என் தோளில் சாய்ந்தார். ஒரகடம் தாண்டும்போது, கண்ணைத் திறக்காமலே என் சட்டையை மோந்தார்.

“கோயில் வந்துட்ச்சா?”

“இன்னும் வரலபா. நீ தூங்கு.”