இரண்டு காதும் ரக்பிதான்

என் மாமாவை முதன்முதலாகப் பார்க்கிறவர்கள் அவருடைய காதுகளைப் பார்த்ததும் சட்டென்று வேறெங்காவது பார்ப்பார்கள். பிறகு மெதுவாகத் திரும்பிப் பார்ப்பார்கள். அதற்கு மேல் பொறுக்க முடியாமல் அப்பாவிடம் குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள்.

"ஆமியோ?"

ஊரில் இராணுவம் பிடித்துச் செய்ததோ என்பதுதான் கேள்வி. அப்பா ஓம் என்று சொல்லமாட்டார். இல்லை என்றும் சொல்லமாட்டார். ஒரு பெருமூச்சு விடுவார். அந்தப் பெருமூச்சோடு மாமாவின் மரியாதை ஒருபடி ஏறிவிடும். கோயில் பந்தியில் அவருடைய இலையில் மட்டும் வடை இரண்டாக விழும்.

மாமா அம்மாவின் ஒரே தம்பி. ஹனோவரில் எங்கள் வீட்டு வரவேற்பறையில் படுத்து, ஓர் உணவகத்தின் சமையலறையில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். அவருடைய இடது காது சுட்ட கத்தரிக்காய்த் தோலைப்போலச் சுருண்டு தடித்திருந்தது. வலது காது வேறுமாதிரி. அதன் மேற்பகுதியே இல்லை. கத்தரிக்கோலால் வெட்டியதுபோல நேராக முடிந்திருந்தது. அதற்குப் பின்னால் ஒரு கைப்பிடி அளவு இடத்தில் முடி முளைக்காது. தோல் மினுங்கும். கோடைகாலத்திலும் மாமா கம்பளித் தொப்பி போட்டிருப்பார். வலது பக்கம்தான் கூட இழுத்து விட்டிருப்பார். அவருக்கு ஜேர்மனியின் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று நான் நினைத்திருந்தேன்.

ஆமி இல்லை, ரக்பி என்பது எங்கள் வீட்டுக்குள் மட்டும் தெரிந்த விஷயம். அம்மாவின் அப்பாவுக்குக் கண்டியில் ரயில்வே வேலை. அம்மாவை யாழ்ப்பாணத்தில் பெரியம்மா வீட்டில் விட்டுவிட்டு, மாமாவைத் தன்னோடு வைத்துப் படிப்பித்தார். படித்தாரோ என்னவோ, மாமா பள்ளிக்கூட ரக்பி அணியில் முன்வரிசையில் நின்றார். தலையை மற்றவர்களின் தோள்களுக்குள் நுழைத்து மாடுகளைப்போல முட்டித் தள்ளுகிற இடம் அது. காது அதில்தான் நசுங்கியது என்று அம்மாவிடம் சொல்லியிருந்தார். அம்மா தம்பியைப் பல வருடங்களாகப் பார்க்காமல், கடைசியில் பிராங்க்பேர்ட் விமானநிலையத்தில்தான் பார்த்தவர். அவர் நம்பினார். யாழ்ப்பாணத்தில் வளர்ந்த அப்பாவுக்கு ரக்பி என்றால் என்னவென்றே தெரியாது. அவரும் நம்பினார்.

அகதி விசாரணையில் அதிகாரி காதைக் காட்டிக் கேட்டபோதும் மாமா ரக்பி என்றுதான் சொன்னாராம். அப்பாவுக்கு அது ஆறவேயில்லை.

"கடவுள் ஒரு காதைக் குடுத்திருக்கிறார். வேற ஆரும் எண்டால் அதை வைச்சே விசா எடுத்திருப்பாங்கள். இவர் போய் பந்து விளையாடினது எண்டு சொல்லியிருக்கிறார்."

"பொய் சொல்ல ஏலாது அத்தான்" என்பார் மாமா.

"பொய் சொல்லச் சொன்னனானே? பேசாமல் இருந்திருக்கலாமெல்லோ."

அந்த இலையுதிர்காலத்தில் மாமாவுக்கு ஒரு சம்பந்தம் வந்தது. கொலோனில் இருக்கிற குடும்பம். பெண்ணின் தாயும் தகப்பனும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையைப் பார்க்க வருவதாகச் சொன்னார்கள். அதற்கு முன்னால் இரண்டு சம்பந்தங்கள் மாமாவின் விசாவைக் கேட்டதும் நின்றுபோயிருந்தன. மூன்றாவதையும் விட்டால் தம்பி கடைசிவரைக்கும் வரவேற்பறையில்தான் என்று அம்மா பயந்தார். எங்களை வரிசையாக நிறுத்திச் சொன்னார்.

"ஒருத்தரும் ரக்பிக் கதை கதைக்கக் கூடாது. கண்டியில சிங்களப் பெடியளோட சேத்துக்குள்ள உருண்டு திரிஞ்சவன் எண்டு தெரிஞ்சால் ஆர் பொம்பிளை குடுப்பினம்? அத்தான் மூச்சு விடுவார். நீ வாயைத் திறக்காதை."

கடைசி வசனம் மாமாவுக்குத்தான். என்னைத் தனியாக எச்சரிக்க வேண்டியிருக்கவில்லை. ஒன்பது வயதில் நான் வாய் திறப்பதே பெரியவர்களுக்கு ஜேர்மன் மொழிபெயர்க்கும்போது மட்டும்தான். மற்றவர்களின் பேச்சு என் வாயால் தாராளமாக வரும். என் பேச்சு வராது.

அவர்கள் வருவதற்கு முதல்நாள், சனிக்கிழமையன்று, ரக்பி பார்க்கப் போகவேண்டும் என்று மாமா சொன்னார். ஹனோவரில் ஜேர்மன் தேசிய அணி ஹொலண்ட் அணியோடு விளையாடுகிறதாம். உணவகத்துக்கு மரக்கறி கொண்டுவருகிறவர் சொன்னாராம். அம்மா கத்திப் பார்த்தார். பிறகு, விளையாடக் கூடாது, பார்க்க மட்டும் வேண்டும், முகத்தில் ஒரு கீறல் விழக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு, காவலுக்கு என்னையும் கூட அனுப்பினார்.

முதல் குழப்பம் வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்திலேயே தொடங்கிவிட்டது. நான் தேசிய அணியைப் பார்க்கப் போகிறேன் என்று பக்கத்தில் இருந்தவளிடம் மெல்லச் சொன்னேன். அவள் வகுப்புக்கே சொன்னாள். எல்லோரும் உதைபந்தாட்ட வீரர்களின் பெயர்களைச் சொல்லி, யார் யார் வருகிறார்கள் என்று கேட்டார்கள். ரக்பி என்றேன். ஜேர்மனியிடம் அப்படி ஓர் அணியே இல்லை என்று ஒரு பையன் சொன்னான். ஆசிரியையும் கொஞ்சம் யோசித்துவிட்டு, அது ஆங்கிலேயரின் விளையாட்டு, நீ எதையோ தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறாய் என்றார். ஒரு நாட்டுக்கே தெரியாமல் அதற்கு ஒரு தேசிய அணி இருக்க முடியுமா என்று எனக்குப் புரியவில்லை.

மைதானத்துக்குப் போனபோது ஆசிரியை சொன்னது சரியோ என்று தோன்றியது. எங்கள் கோயில் தேருக்கு வருகிறவர்களில் பாதிப்பேர்கூட அங்கே இல்லை. புல்வெளியைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தார்கள். கரகரத்த ஒலிபெருக்கியில் ஜேர்மனியின் தேசிய கீதம் வந்தபோது ஒருவர் நாயைக் கையில் பிடித்தபடி எழுந்து நின்றார். அணியில் நின்றவர்களில் ஒருவர் பல் வைத்தியர், ஒருவர் கூரை வேய்கிறவர் என்று பக்கத்தில் இருந்தவர்கள் பேசிக்கொண்டார்கள்.

பிறகு அடிபாடு தொடங்கியது. இரண்டு பக்கமும் எட்டெட்டுப் பேர் குனிந்து தலைகளைக் கோத்துக்கொண்டு முட்டினார்கள். எலும்புகள் மோதுகிற சத்தம் கயிறுவரை கேட்டது. நான் மாமாவின் ஜாக்கெட்டைப் பிடித்துக்கொண்டு அழத் தொடங்கினேன்.

"மாமா, பொலிஸைக் கூப்பிடுங்கோ."

"விசரி, பொலிஸும் உள்ளுக்கதான் நிக்குது. அங்க பார், அந்த நெட்டையன் பொலிஸ்காரனாம்."

முன்னால் போகவேண்டியவர்கள் முட்டை வடிவப் பந்தைப் பின்னால் எறிந்தார்கள். விழுந்தவர் மேல் எல்லோரும் விழுந்தார்கள். எழுந்ததும் விழுத்தியவனே கைகொடுத்துத் தூக்கினான். மாமா ஜேர்மன் அணிக்காகத் தமிழில் கத்தினார். சில நேரம் சிங்களத்திலும் கத்தினார். வீட்டில் சிங்களம் கேட்டாலே அப்பா வானொலியை நிறுத்திவிடுவார். மாமாவின் வாயில் அது இவ்வளவு மகிழ்ச்சியாக வந்தது எனக்கு அந்தரமாக இருந்தது. ஜேர்மனி தோற்றது. மாமாவுக்கு அதில் கவலை இருந்ததாகத் தெரியவில்லை.

ஆட்டம் முடிந்ததும் கழகக் கட்டடத்தைப் பார்த்துக்கொள்கிற ஒரு முதியவர் எங்களிடம் வந்தார். மாமா கத்தியதைக் கேட்டிருக்கிறார். எங்கே விளையாடினாய் என்று கேட்டார். கண்டி என்று நான் மொழிபெயர்த்தேன். அவர் எங்களை உள்ளே கூட்டிக்கொண்டு போனார். அங்கே சற்றுமுன் அடிபட்டவர்கள் எல்லோரும் ஒரே மேசையில் இருந்து உருளைக்கிழங்கு சலாட் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஆப்பிள் சாறு கிடைத்தது.

சுவரில் ஒரு பழைய படம். போருக்கு முந்தைய ஜேர்மன் தேசிய அணி. ஒரு காலத்தில் நாங்கள் பிரான்ஸையே தோற்கடித்தவர்கள் என்று முதியவர் சொன்னார். பின்வரிசையில் நின்ற ஒருவரைத் தொட்டு, என் அண்ணன் என்றார். பிறகு ஒவ்வொருவராகத் தொட்டுக்கொண்டே போனார். நான் ஒவ்வொருவராக மொழிபெயர்த்தேன்.

"இவர் ரஷ்யாவில நிண்டிட்டாராம். இவரும் ரஷ்யாவாம். இவர் ஆபிரிக்காவில நிண்டிட்டாராம். தன்ர அண்ணனும் ரஷ்யாவில நிண்டிட்டாராம்."

எங்கள் சொந்தக்காரர்களும் அப்படித்தான். ஒருவர் கனடாவில் நின்றுவிட்டார், ஒருவர் நோர்வேயில் நின்றுவிட்டார். இவர்களுக்கு ரஷ்யாவில் விசா கிடைத்திருக்கிறது என்று நினைத்தேன். ஆனால் அண்ணனுக்கு விசா கிடைத்ததை ஏன் அவர் இவ்வளவு மெதுவான குரலில் சொல்கிறார் என்று விளங்கவில்லை. அதன்பிறகு நல்ல அணி அமையவே இல்லை, பிள்ளைகள் எல்லோரும் உருண்டைப் பந்தின் பின்னால் போய்விட்டார்கள் என்றார்.

உன்னுடைய அணிக்காரர்கள் எங்கே என்று மாமாவைக் கேட்டார்.

"ஒருத்தன் லண்டனில எண்டு சொல்லு. ஒருத்தன் தேயிலைத் தோட்டத்தில பெரியதுரை. ரெண்டு பேர் ஆமியில."

"எந்த ஆமி, மாமா?"

"எங்கட நாட்டு ஆமிதான். அதில ஒருத்தன் எனக்குப் பக்கத்தில நிக்கிறவன். இந்தத் தோளை அவன்தான் பிடிக்கிறவன்."

நான் மொழிபெயர்த்தேன். எங்கள் வீட்டில் ஆமி என்ற சொல்லை யாரும் இப்படிச் சாதாரணமாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

முதியவர் சிரித்தபடி தன் காதைக் காட்டினார். அதுவும் சுட்ட கத்தரிக்காய்தான். மாமாவின் தலையிலிருந்து தொப்பியை விளையாட்டாகக் கழற்றி, இடது காதைத் தடவிப் பார்த்து, மேசையில் இருந்தவர்களைக் கூப்பிட்டார். பாருங்கள், இவனும் முன்வரிசைக்காரன். எல்லோரும் சிரித்தார்கள். ஒரு ஹொலண்ட்காரர் கைதட்டினார். முதியவர் மற்றக் காதையும் காட்டுவதற்காக மாமாவின் தலையைத் திருப்பினார்.

அவருடைய கை அப்படியே நின்றது. கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தொப்பியை எடுத்துத் தானே மாமாவுக்குப் போட்டு, வலது பக்கம் நன்றாக இழுத்துவிட்டார். மேசையில் இருந்தவர்களுக்குக் கேட்காமல் ஏதோ சொன்னார்.

"என்னவாம்?" என்றார் மாமா.

"இந்தக் காது ரக்பி இல்லையாம்."

மாமா தன்முன்னால் இருந்த பியர்க் கிளாசைப் பார்த்தார்.

"ரெண்டும் ரக்பிதான் எண்டு சொல்லு."

சொன்னேன். முதியவர் என்னைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார். தலையை ஆட்டினார்.

"நல்லது. அப்படியென்றால் ரக்பிதான்" என்றார்.

கேட்காமலே எனக்கு இன்னொரு ஆப்பிள் சாறு வந்தது. முதலாவதையே நான் குடித்து முடிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கொலோன்காரர்கள் வந்தார்கள். பெண்ணின் தாய் பட்டுச் சேலைக்கு மேலே பெரிய குளிர் ஜாக்கெட் போட்டிருந்தார். தகப்பன் மெலிந்த மனிதர், அதிகம் பேசவில்லை. அம்மா பயற்றம் பணியாரமும் வடையும் வைத்தார். வீட்டுக்குள் என்ன தொப்பி என்று அப்பா சொல்லி, மாமா அதைக் கழற்ற வேண்டியதாயிற்று.

பெண்ணின் தாய் பார்த்தார். வேறெங்கோ பார்த்தார். திரும்பவும் பார்த்தார்.

"தம்பிக்கு... ஆமியோ?"

அப்பா பெருமூச்சு விட்டார். அன்றைய மூச்சு வழக்கத்தைவிட நீளம். தாயின் கண் கலங்கியது. எல்லாம் அம்மா நினைத்தபடி நடந்துகொண்டிருந்தது.

"இல்லை அம்மா" என்றார் மாமா. "கண்டியில ரக்பி விளையாடினனான். அதில பட்டது."

அம்மாவின் கையிலிருந்த தட்டு சாய்ந்து ஒரு பணியாரம் உருண்டது. அதை எடுப்பதா விடுவதா என்று தெரியாமல் எல்லோரும் அதையே பார்த்தோம். பெண்ணின் தாய் விளங்காமல் புருஷனைப் பார்த்தார். அவர் மாமாவின் வலது பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முதியவர் பார்த்த அதே நேரம் அளவுக்குப் பார்த்தார்.

"ரெண்டு காதுமோ, தம்பி?"

"ஓம் ஐயா. ரெண்டும்."

அவர் தேநீரை ஒரு மிடறு குடித்தார்.

"சரி. அப்ப ரக்பிதான்" என்றார்.

முதல்நாள் ஜேர்மனில் கேட்ட அதே வசனம். யாரும் மொழிபெயர்க்காமலே தமிழில் வந்துவிட்டது.

"வெண்டனீங்களோ, தோத்தனீங்களோ?" என்று கேட்டார்.

"தோத்ததுதான் கூட, ஐயா."

அவர் சிரித்தார். அன்று அவர் சிரித்தது அந்த ஒருமுறைதான். பிறகு மனைவியின் பக்கம் திரும்பி, "எனக்குப் பிடிச்சிருக்கு. நீ மகளோட கதைச்சுப் பார்" என்றார். விசாவைப் பற்றி அவர் கேட்கவேயில்லை. அம்மா குசினிக்குள் போய் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அப்பாவிடம், "பாத்தீங்களே, உண்மையைச் சொன்னாலும் ஆக்கள் பொம்பிளை குடுக்கினம்" என்றார். அப்பாவுக்குத் தன் பெருமூச்சு வீணாய்ப் போனதில் சிறு வருத்தம் இருந்திருக்க வேண்டும்.

அவர்கள் புறப்படும்போது நான் வாசலில் நின்றேன். பெண்ணின் தகப்பன் சுவரோடு சாய்ந்து சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தார். இரண்டு நாளாக என்னைக் குழப்பிக்கொண்டிருந்த எல்லாவற்றையும் விளங்கிய மனிதர் இவர் ஒருவர்தான் என்று பட்டது. யாரும் சொல்லித் தராமல், என் சொந்தப் பேச்சாக, வாழ்க்கையில் முதல்தடவையாக ஒரு அந்நியரிடம் கேட்டேன்.

"ஐயா, நீங்களும் ரக்பி விளையாடினனீங்களோ?"

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"ஓம், பிள்ளை. கொஞ்சக் காலம்."

உடனே அவருடைய காதுகளைப் பார்த்தேன். இரண்டும் முழுசாக இருந்தன. முன்வரிசையில் நின்றிருக்கமாட்டார், பின்னால் எங்கோ நின்றிருப்பார் என்று முடிவு செய்தேன். அவர் திரும்பக் குனிந்து சப்பாத்து நாடாவைப் பிடித்தார். அது அவருக்குப் பிடிபடவில்லை, நழுவிக்கொண்டே இருந்தது. அவருடைய வலது கையில் இரண்டு விரல்களுக்கு நகமே இல்லை. ரக்பியில் நகமும் போகும் என்று அந்த ஜேர்மன் முதியவர் சொல்லவில்லையே என்று யோசித்தபடி, நான் கீழே குந்தியிருந்து அவருடைய நாடாவைக் கட்டிவிட்டேன்.