சித்திக்கு வராத மெயில்

என் சித்தி விக் கட்டுகிறவர். தலையளவுக்குத் தைத்த வலைத்துணியில், மீன்முள் மாதிரி ஒரு சின்னக் கொக்கியால் முடியை ஒவ்வொன்றாக முடிச்சுப் போடுவார். முடிந்ததும் நெற்றியோரம் பார்த்தால் அங்கேயே முளைத்தது போலிருக்கும். நாடகக்காரர்கள், வைத்தியத்தில் முடி உதிர்ந்தவர்கள், வழுக்கையைப் பெண்டாட்டிக்கே காட்டாதவர்கள் என்று பலர் அவருடைய மாடியறைக்கு வந்து போவார்கள். நான் போனால், மரத்தலைகளில் மாட்டியிருப்பதை எடுத்து என் தலையில் வைத்துக்கொண்டு அந்தந்தத் தலைக்கு ஏற்ற குரலில் பேசுவேன்.

"கழட்டுடி அத. அது ராஜா தலை. உன் பேன் எல்லாம் குடியேறிடப் போகுது" என்பார் சித்தி.

அவர் விரல்களில் எப்போதும் பசை இருக்கும். அதனால் கம்ப்யூட்டரைத் தொடமாட்டார். மெயில் பார்ப்பது சித்தப்பாவின் இலாகா. காலையில் டீ டம்ளரோடு உட்கார்ந்து, தீர்ப்பு வாசிக்கிற நீதிபதி மாதிரி உரக்கப் படிப்பார். "முப்பது நாளில் கருகருவென முடி... விக் கடைக்கே எண்ணெய் விக்க வர்றான் பாரு. ஒரே அமுக்கு. ஆள் காலி." லாட்டரிக்காரன், கடன் தருகிறவன், உடம்பு இளைக்க வைக்கிறவன் எல்லோரும் அப்படித்தான் காலியானார்கள். ஒரு தடவை தடுத்துவிட்டால் அதற்குப் பிறகு அவர்கள் அனுப்புவது நேராகக் குப்பைக்குப் போகும். கொஞ்ச நாளில் குப்பையும் தானாகக் காலியாகிவிடும். அனுப்பினவனுக்கு எதுவுமே தெரியாது. கடைசியில் சித்தி பக்கம் திரும்பி, "உனக்கு ஒண்ணும் இல்ல" என்று முடிப்பார்.

சித்தி எதிர்பார்த்தது ஒரே ஒருத்தியின் மெயிலை. சுருட்டை என்று கூப்பிடுவார். இருவரும் ஒரே மேஜையில் தொழில் கற்றவர்கள். சுருட்டை ஊர் ஊராகப் போகும் பெரிய நாடகக் குழுவில் சேர்ந்தாள். "இடம் காலியானா மொத ஆளா உன்னத்தான் கூப்பிடுவேன்" என்று சொல்லிவிட்டுப் போனவள். அந்த இடத்துக்காகத்தான் சித்தி வருஷக்கணக்காகக் காத்திருந்தார். போகிற இடமெல்லாம் போன் நம்பர் மாறும் என்பதால் அவளிடமிருந்து வருவது மெயில் மட்டுமே. திடீரென்று ஒருநாள் அதுவும் நின்றுபோனது.

"சுருட்டைகிட்டேருந்து ஏதாவது?"

"உனக்கு ஒண்ணும் இல்ல."

கேட்டுக் கேட்டு, பிறகு சித்தி கேட்பதையே விட்டுவிட்டார். "பெரிய எடத்துக்குப் போயிட்டா. இனிமே நம்ம ஞாபகம் எதுக்கு" என்று கொக்கியிடம் சொல்லிக்கொள்வார்.

போன வாரம் சுருட்டையே படியேறி வந்தாள். கையில் பிய்ந்துபோன ஒரு விக். "இத சரி பண்ண எவ்ளோ ஆகும்னு சொல்லுங்க" என்றாள்.

சித்தி நிமிர்ந்து பார்த்தார். "'டி' போட்டே பேசுனவ. மரியாதையெல்லாம் பலமா இருக்கு."

"பதிலே போடாதவங்ககிட்ட வேற எப்படிப் பேசுறது?"

"எதுக்குப் பதில்? நீ எங்க எழுதுன? நாந்தான் எங்க வீட்டுக்காரர விட்டு எழுதிக்கிட்டே இருந்தேன்."

"ஒண்ணுகூட வரலியே. நான் எத்தனை மெயில்டி போடுறது?"

'டி' வந்துவிட்டது. சித்தி என்னைப் பார்த்தார். நான் கம்ப்யூட்டரைத் திறந்து, தடுத்துவைத்த ஆட்களின் பட்டியலைத் தேடினேன். எண்ணெய்க்காரனுக்கும் லாட்டரிக்காரனுக்கும் நடுவில் சுருட்டை இருந்தாள்.

"தெரியாம கை பட்டிருக்கும்" என்றார் சித்தி, முந்திக்கொண்டு. "அவரு கண்ணாடி போடாம அமுக்குவாரு."

அப்போதுதான் சித்தப்பா வலைத்துணிச் சுருளோடு உள்ளே வந்தார். சுருட்டையையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். "அட, கை தவறிப் போச்சு போல" என்றார். சித்தியின் தோள் தளர்ந்தது. சிரிக்கக்கூடப் பார்த்தார்.

"எங்க குழுவுல இடம் காலியாச்சு. அதுக்குத்தான் உன்னக் கூப்பிட்டேன்" என்றாள் சுருட்டை. "எவ்ளோ நாள்தான் பாக்குறது. வேற பொண்ணப் போட்டாச்சு."

"ஆறு மாசம் கப்பல்லயும் பஸ்லயும் சுத்துனா, இங்க கடைய யாரு பாக்குறது?" என்றார் சித்தப்பா.

"ஆறு மாசம்னு நான் இன்னும் சொல்லவே இல்லியேண்ணே."

மரத்தலைகள் எல்லாம் சித்தப்பாவையே பார்ப்பதுபோல் இருந்தது. அவர் சுருளை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். "உன் நல்லதுக்குத்தான்மா" என்று சித்தியிடம் ஆரம்பித்தார். அந்தக் குரலை நான் எத்தனையோ தரம் செய்துகாட்டிக் கைதட்டு வாங்கியிருக்கிறேன். இனிமேல் அது என் வாயில் வராது.

சித்தி கோபித்துக்கொள்ளவில்லை. அவரைப் பார்க்கவே இல்லை. என்னிடம் கேட்டார்: "இப்ப இவளத் திறந்துவிட்டா, அனுப்புனதெல்லாம் வருமா?"

"வராது சித்தி. அதெல்லாம் அழிஞ்சிருக்கும். இனிமே அனுப்புறதுதான் வரும்."

"எங்கிட்ட இருக்குடி. மறுபடி அனுப்புறேன்" என்றாள் சுருட்டை.

"வேணாம். நீ கூப்பிட்டது தெரிஞ்சிருச்சே. போக முடியாத எடத்தப் பத்திப் படிச்சு என்ன பண்ண."

பிய்ந்த விக்கை அன்றே சரிசெய்து கொடுத்தார். சுருட்டையை அனுப்பப் படி இறங்கி வாசல்வரை போனார்.

மறுநாள் காலை சித்தப்பா டீயோடு வந்தபோது நாற்காலி காலியாக இல்லை. சித்தி விரல் பசையை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்துவிட்டு அங்கே உட்கார்ந்திருந்தார். ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி, ஏதோ நீளமாக எழுதிக்கொண்டிருந்தார்.

டம்ளரோடு நின்றுகொண்டிருந்த சித்தப்பா, கொஞ்சம் கழித்து, "என்ன வந்திருக்கு?" என்றார்.

சித்தி திரும்பவில்லை.

"உங்களுக்கு ஒண்ணும் இல்ல."