நடுவழியில் இறக்கிவிட்டேன்

உடம்புக்கு முடியாத ஒரு பெண்ணை நடுவழியில் பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்டவன் நான். அது இரண்டாம் உலக யுத்த காலம்; பெட்ரோல் கிடைக்காமல் பஸ்களைக் கரி எரித்து ஓட்டினார்கள். நாமக்கல்லிலிருந்து சேலம் போகும் கரி பஸ்ஸில் கண்டக்டராக இருந்தேன். ஆஸ்பத்திரியில் கிடந்த கணவனுக்குக் கஞ்சி கொண்டுபோன அவள், புகை தாங்காமல் வாந்தியெடுத்துவிட்டாள்.

"வண்டியே நாறுது, இறங்கு!" என்றேன்.

"ஏனுங்க சாமி, அவரு பசியோட கெடப்பாருங்க."

நான் விசில் ஊதிவிட்டேன்.

அன்றிரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாளே பஸ்ஸில் ஒரு குடம் தண்ணீரும் எலுமிச்சம்பழமும் வாங்கி வைத்தேன். சில நாள் கழித்து, மல்லூர் தாண்டி அவள் கஞ்சி ஊற்றிய தூக்குப்போசியுடன் நடந்துபோவதைப் பார்த்தேன். பஸ்ஸை நிறுத்தி ஓடினேன்.

"தப்புப் பண்ணிட்டனுங்க. ஏறிக்கங்கம்மா."

"நீங்க போங்க சாமி. நான் நடந்தே போயிக்கறனுங்க."

அவள் குரலில் கோபமே இல்லை. திரும்பி வந்து, அத்தனை கூட்டத்திலும் தனியாக நின்றேன். அதன்பின் நான் யாரையும் வழியில் இறக்கியதில்லை. அவளும் என் பஸ்ஸில் ஏறியதில்லை.